பொம்மை பார்க்கும் பக்கம்

மாத்தளைப் பக்கம், எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வருடக்கணக்காய் மூடிக் கிடந்த, தேயிலை அரைக்கிற ஸ்டோரை இடித்துவிட்டு ஹோட்டல் கட்ட வந்தார்கள். இடிக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் வானத்தைப் பார்த்தார்கள். பிரதேச சபையில் கேட்டதற்கு, வீட்டுக் குப்பை என்றால் எடுப்போம், கட்டடக் குப்பை எங்கள் பாடு இல்லை என்று கையை விரித்தார்கள். தோட்டத்து ஆபீஸில், கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு கல் விழுந்தாலும் கேஸ் போடுவோம் என்றார்கள். கொந்தராத்துக்காரர் இருக்கிறாரே, அவர் இவர்களுக்கெல்லாம் மேலே. இடிக்கச் சொல்லியிருக்கிறது, கட்டச் சொல்லியிருக்கிறது, அள்ளிக்கொண்டு போ என்று ஒப்பந்தத்தில் எவனும் சொல்லவில்லையே என்று சிரித்தார்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "இப்போதைக்குப் பின்னால தள்ளி வைங்க லோரன்ஸ். பொறகு பாத்துக்குவோம்."

கட்டட வேலையில் இந்த 'இப்போதைக்கு' என்கிற சொல்லுக்கு இருக்கிற ஆயுசு சீமெந்துக்குக்கூடக் கிடையாது.

லோரன்ஸ் அந்த வேலையின் சுப்பவைசர். அவன் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். கலியாணம் முடித்து மாத்தளை டவுனுக்குக் குடிபோய்விட்டான். அக்கா அந்தோனியம்மா மட்டும் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்தாள். ஆத்தா செத்தபிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனவள் அவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, தம்பி ஒருத்தன்தான். கொந்தராத்துக்காரர் சொன்ன 'பின்னால்' என்பது ஸ்டோருக்குப் பின்னே இருந்த செங்குத்துச் சரிவு. சரிவின் விளிம்பில் நின்று ஒரு கல்லைக் கைதவற விட்டால் அது லயத்துக் கூரையில் போய் விழும். ஒற்றை அறைகளாய் நீண்ட அந்த லயத்தின் முதல் காம்பரா அந்தோனியம்மாவுடையது.

இடித்த செங்கல்லும் காரைக்கட்டியும் உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடும் விளிம்பில் குவியக் குவிய, கீழே இருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாயந்தரம் தேத்தண்ணி குடிக்க இறங்கி வந்தவனிடம் கேட்டாள்.

"ஏன் தம்பி, ஊருல எடமே இல்லாம என் தலைக்கு மேலதான் கொட்டுறியா?"

லோரன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். ஐப்பசி மழைக்கு முன்னே ஒரு கல் விடாமல் அள்ளிவிடுகிறேன் என்று அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று சொன்னான். அவள் சரி என்றாள். தம்பி சொன்னால் செய்வான் என்ற நம்பிக்கை அவளுக்கு எப்போதும் உண்டு.

அள்ளிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து நிரஞ்சலா என்று ஓர் எஞ்சினியர் பெண் வந்திருந்தாள். வந்த அன்றே மேட்டைப் பார்த்துக் கத்தினாள். செங்கல் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டால் எல்லாவற்றையும் எவனாவது கேட்டு வாங்கிக்கொண்டு போவான் என்று, மூன்று பலகையில் தன் கையாலேயே பெயின்டால் எழுதி, மேட்டில் வரிசையாக நடச் செய்தாள். பலகைகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அழகாகத்தான் நின்றன. ஆனால் கூரை கழற்ற வந்த கூட்டம் கழற்றிவிட்டுப் போய்விட்டது. சுவர் உடைக்க வந்த கூட்டத்துக்குப் பலகை பற்றி யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் பலகையைப் படிக்கவே இல்லை. இரும்புப் பலகையின் கீழே காரைக்கட்டி, மரப் பலகையின் கீழே பெயின்ட் வாளி. அது போதாதென்று ஊரே குப்பையைக் கொண்டுவந்து அங்கே கொட்ட ஆரம்பித்தது. ஒரு இடத்தில் ஒரு மேடு எழும்பினால் போதும், சனங்களுக்குக் கை அரிக்கும். கடைக்காரன் அழுகிய மரக்கறியைக் கொட்டினான். கார் வைத்திருக்கிற கனவான்கள் கண்ணாடியை இறக்கிப் பிள்ளைகளின் பேம்பர்ஸை வீசிவிட்டுப் போனார்கள்.

இதிலேதான் விஷயம் சிக்கியது. டிப்பர் ஓட்டுகிற பஸ்லி நல்ல மனிதன். லோரன்ஸின் கவலையைப் பார்த்து, அவனே அலைந்து ஒரு ஆளைப் பிடித்து வந்தான். உக்குவளைப் பக்கம் முத்தலிப் என்பவர் ஒரு பள்ளக் காணியை நிரப்பிக்கொண்டிருந்தார். கல்லும் செங்கல்லும் என்றால் மேடு முழுவதையும் எடுத்துக்கொள்வார், ஆனால் அதற்குள்ளே பேம்பர்ஸும் பொலித்தீனும் இருந்தால் ஒரு லோட்கூட உள்ளே விடமாட்டார். ஆக, முதலில் ஊர்க்குப்பை விழுவதை நிறுத்த வேண்டும், பிறகு ஆட்களை விட்டுப் பொறுக்கிப் பிரிக்க வேண்டும், அப்புறம் பஸ்லி ஏற்றுவான். லோரன்ஸ் கயிறு கட்டிப் பார்த்தான். 'குப்பை கொட்டாதே' என்று இரண்டு பாஷையில் எழுதி வைத்தான். அந்த அறிவிப்பிலேயே ஒரு புண்ணியவான் குப்பைப் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

கட்டுகிற கட்டடத்தில் திருஷ்டி பொம்மை கட்டுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். சிங்கள மேசன் பாஸ்மார் அதைப் பம்பயா என்பார்கள். பழைய சட்டை கால்சட்டைக்குள் புல்லை அடைத்து, மண்சட்டியில் சுண்ணாம்பு பூசி, கரியால் கண் வைத்துச் சாரத்தில் கட்டிவிடுவார்கள். போகிறவன் வருகிறவன் பார்வையெல்லாம் அதில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். கட்டினால், கூரை ஏறி முடியும்வரை அதில் கை வைக்கக் கூடாது. முன்னாலேயே அவிழ்த்தவன் தலையில் அதுவரை அது வாங்கிய கண்ணெல்லாம் இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிங்களவன், தமிழன், வேதக்காரன் என்று எந்தப் பிரிவும் கிடையாது. எல்லோரும் பயந்தார்கள்.

ஹோட்டலில் ஏற்கெனவே ஒன்று தொங்கியது. லோரன்ஸ் தன்னுடைய பழைய நீலக்கோடு போட்ட சட்டையில் மானாப்புல்லை அடைத்து இரண்டாவது ஒன்று செய்தான். சவுக்குக் கம்பில் கட்டி, பலகைகளுக்குப் பக்கத்தில் மேட்டின் உச்சியில் நட்டான். ரோட்டைப் பார்த்து, கையை விரித்துக்கொண்டு அது நின்றது.

அடுத்த நாளே குப்பை நின்றுவிட்டது. ஒரு பை இல்லை, ஒரு போத்தல் இல்லை. லோரன்ஸுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை. ஆனால் ஊரார் வேறு மாதிரி யோசித்தார்கள். வீட்டில் பொம்மை கட்டினால் அது பொறாமைக் கண்ணைத் தடுக்கிறது, சரி. குப்பை மேட்டைப் பார்த்து எவன் பொறாமைப்படுவான்? அப்படியென்றால் இது எதைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது? கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள், பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சொன்ன பதில் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் வளர்ந்தது. ஸ்டோர் மெஷினில் கை சிக்கிச் செத்தவன் ஒருத்தன் இருந்தானாம், அவன் சுவரோடு சேர்ந்து அங்கே வந்துவிட்டானாம். அப்படி ஒருத்தனை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அதனாலென்ன, கதைக்கு அது தடையா?

பஸ்லி டிப்பரோடு வந்தான். குப்பை பொறுக்கி ஏற்றுங்கள் என்று லோரன்ஸ் ஆட்களைக் கூப்பிட்டான். ஒருவனும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அது என் சட்டைதானடா, நான்தான் கட்டினேன் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தான். மேசன் பாஸ் ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். கட்டினது யாராக இருந்தாலும் கட்டினது கட்டினதுதான், கூரை ஏறட்டும், பிறகு பார்ப்போம் என்றார். டிப்பர் வெறுமனே திரும்பிப் போனது. குப்பைக்காரர்களை விரட்ட வைத்த பொம்மை குப்பை அள்ளுகிறவர்களையும் விரட்டிவிட்டது. லோரன்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகுதான் அது திரும்பத் தொடங்கியது.

முதலில் லோரன்ஸ் கவனிக்கவில்லை. ரோட்டைப் பார்த்து வைத்த பொம்மை பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு கூலியாள் சொன்னபோது, எவனோ விளையாடியிருக்கிறான் என்று அதட்டினான். எல்லோரும் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினார்கள். திருப்ப வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். ஏற எவனுக்கு ஈரல் இருக்கிறது? சில நாள் கழித்து அது பலாமரத்தையும் விட்டுப் பள்ளத்தைப் பார்த்தது. யாரும் அது திரும்புவதைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க முறைத்துக்கொண்டு நின்றாலும் அசையாது. காலையில் மூடுபனி விலகும்போது பார்த்தால் கொஞ்சம் மாறியிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் அது லயத்தைப் பார்த்து நின்றது.

லயத்துப் பெண்கள் பின்னாலுள்ள கோடிப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். மலை ஊற்றிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர் சில நாள் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக வந்தது, பிறகு மெலிந்து நூலானது. பொம்மைதான் குடிக்கிறது என்றார்கள். பிள்ளைகளை முன்வாசலிலேயே குளிப்பாட்டினார்கள். அந்தோனியம்மா ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தவள். கீழே நின்று பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது என் தம்பியின் சட்டை, மேல் பொத்தானுக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்தவளே நான்தான் என்று பக்கத்துக் காம்பராக்காரிகளிடம் சொல்லி அவர்களைக் கேலி பண்ணினாள். வேதக்காரிக்கு என்ன, அந்தோனியார் இருக்கிறார் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று லோரன்ஸ் ஒருநாள் காலையில், ஆட்கள் வருமுன்னே, இரும்பு அலவாங்கோடு மேட்டில் ஏறினான். பொம்மையைப் பிடுங்கி எறிந்துவிடலாம், கண் வந்தால் என் தலைக்கு வரட்டும், ஆட்கள் வேலைக்கு இறங்குவார்கள் என்பது கணக்கு. பனி முகத்தில் அறைந்தது. பொம்மை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அலவாங்கை ஊன்றி நெம்பினான். அசையவில்லை. தானே மேலோட்டமாக நட்ட கம்பு, ஒரு பிள்ளை பிடித்து இழுத்தாலும் வந்துவிடும். அதைக் கீழேயிருந்து எவனோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அலவாங்கைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப் பிடித்தான்.

அப்போது உள்ளங்கையில் ஏதோ தெரிந்தது. கம்பு அதிர்ந்தது. மெதுவாக அதிர்ந்து, நின்று, மறுபடியும் அதிர்ந்தது. தூங்குகிறவன் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அப்படி. காலடியில் எங்கோ ஆழத்தில் ஒரு செங்கல் 'டிக்' என்று உடைந்தது. லோரன்ஸ் மெல்ல எட்டிப் பொம்மையின் முகத்தைப் பார்த்தான். கரிக்கண் இரண்டும் பனியில் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தன. அது அவனைப் பார்க்கவில்லை. அக்காவின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. அலவாங்கு அங்கேயே கிடந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான், என் சட்டைக்கே பயந்து ஓடிவந்தேன் என்றா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினான். அதன்பிறகு பின்பக்கம் போகாமல் முன்பக்க வேலையையே பார்த்தான். முத்தலிப் வேறு இடத்தில் மண் தேடுகிறார், என்ன சொல்ல என்று பஸ்லி கேட்டபோது, அடுத்த வாரம் என்றான். அவனும் 'இப்போதைக்கு' சொல்லப் பழகிவிட்டான்.

மழை பிடித்தது. பிடித்தால் விடுகிற மழையா அது? வானம் ஓட்டையாகிவிட்டதுபோல நாட்கணக்காய் ஊற்றியது. ஊருக்குப் போயிருந்த நிரஞ்சலா ஒரு மத்தியானம் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, கோபத்தோடு லோரன்ஸைத் தேடி வந்தாள். அவளுக்குப் பொம்மையைப் பற்றி அக்கறையே இல்லை. அவளுக்குத் தன்னுடைய பலகைகள்தான்.

"ஏன் லோரன்ஸ், நான் எழுதி வச்ச பலகையளை ஆர் திருப்பினது? மூண்டும் கீழ பாத்துக்கொண்டு நிக்குது."

லோரன்ஸ் கையிலிருந்த வேலையைப் போட்டான். பிறகு பின்பக்கம் ஓடினான். செங்கல், இரும்பு, மரம். ரோட்டைப் பார்த்து நின்ற மூன்று பலகையும் பொம்மையோடு சேர்ந்து ஒரே பக்கம் திரும்பியிருந்தன. பொம்மை திரும்பியதைப் பற்றி எத்தனை பேச்சு, எத்தனை கதை. பக்கத்திலேயே நின்ற பலகைகளை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மை திரும்பினால் பேய் என்று சொல்லலாம். பலகையும் சேர்ந்து திரும்பினால்? மேடு நகர்கிறது. நட்டதையெல்லாம் முறுக்கிக்கொண்டு, மழைக்கு முன்னாலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்துகொண்டிருக்கிறது. விளிம்பில் ஒரு வெடிப்பு வாயைத் திறந்து மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"மிஸ், போன் போடுங்க, எல்லாருக்கும் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் படிக்கட்டில் விழுந்தடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினான்.

லயத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மண் இறங்குது, வெளியே வாங்க என்று வாசல் வாசலாகக் கத்தினான். தலையை நீட்டிப் பார்த்தார்களே தவிர ஒருவரும் எழும்பவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு மழைக்கும் யாராவது வந்து மண்சரியும் என்பார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடப்பார்கள். ஒன்றும் சரியாது. திரும்பி வந்து பார்த்தால் கோழியைக் காணோம், குடத்தைக் காணோம். ஒருத்தன் வாசலில் நின்றபடியே, எறங்கினா எறங்கட்டும், நீங்க உள்ள வந்து தலையத் தொவட்டிக்கங்க அண்ணே என்றான்.

லோரன்ஸ் மேலே கையைக் காட்டினான்.

"அது எறங்கி வருது" என்றான்.

எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். பாய் இல்லை, குடம் இல்லை, கோழியை நினைக்கவில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, கிழடுகளை இழுத்துக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் லயம் காலி.

அந்தோனியம்மா மட்டும் முதல் காம்பராவில் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு சுளகில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரைத்தான் பயமுறுத்தினாய், என்னையுமா என்றாள். அவன் பலகையைச் சொன்னான், வெடிப்பைச் சொன்னான். சோறு அடுப்பில் இருக்கிறது, வடித்துவிட்டு வருகிறேன் என்றாள். மேலேயிருந்து ஒரு செங்கல் உருண்டு வந்து கோடிச்சுவரில் மோதியது. அவள் அதற்கும் நிமிரவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். லோரன்ஸ் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"அக்கா, நான் அத தொட்டேன். ரெண்டு கையாலயும் புடிச்சேன். அது மூச்சு விட்டுச்சு."

அவளைக் கிளப்பத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவனுடைய பல் கிட்டிக்கொண்டது. அது பொய்தானா என்று அவனுக்கே அந்த நேரம் தெரியவில்லை. அந்தோனியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். வளர்த்த பிள்ளையின் முகம். அதில் இப்படி ஒரு பயத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சிரிப்பு மெல்ல அணைந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தோனியார் படத்தைக்கூட எடுக்கவில்லை.

பெரிய சத்தம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வரவில்லை. மூட்டையிலிருந்து அரிசியைக் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது, அதுவும் ரொம்ப நேரம் கேட்டது. ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது முதல் காம்பராவும் இரண்டாவதும் இல்லை. செங்கல்லும் சேறும் தகடும் பேம்பர்ஸும் அடுப்பு இருந்த இடத்தை மூடிக் கிடந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மேலே, மேட்டில் பாதிதான் போயிருந்தது. மீதிப் பாதியின் விளிம்பில், கையை விரித்துக்கொண்டு, லயத்தைப் பார்த்தபடி பொம்மை அப்படியே நின்றது. பெண்கள் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

அதன்பிறகு பாருங்கள், மூடிக் கிடந்த கதவெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தது. நிரஞ்சலா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் சண்டை போட்டாள். பிரதேச சபைக்காரர்கள் இவ்வளவு நாளும் இல்லாத ஒரு காணியைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து ஆபீஸ் பாதை விட்டது. கொந்தராத்துக்காரர் சிரிப்பை மறந்து, மண் அள்ளும் பெக்கோ மெஷின் அனுப்பினார். இனி அள்ள வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆனால் பெக்கோ வந்து நின்ற காலையில், சரிவுக்குப் பிறகு தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து சனங்கள் எல்லோரும் ஏறி வந்து மேட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மேட்டில் கற்பூரம் எரிந்தது, ஊதுபத்தி புகைந்தது. திரும்பித் திரும்பிச் சொல்லி எங்கள் உயிரைக் காப்பாற்றிய சாமி, அதன் மேல் மெஷினை ஏற்றுவீர்களா என்று கேட்டார்கள். முன்வரிசையில் அந்தோனியம்மா கையில் மெழுகுதிரியோடு நின்றாள்.

லோரன்ஸுக்கு மறுபடியும் ஒரு யோசனை வந்தது. சாமிக்குக் குப்பையிலா இடம், பக்கத்தில் அந்தக் கரும்பாறை இருக்கிறதே, அதில் பீடம் கட்டி வைப்போம், மேட்டை மெஷின் அள்ளிக்கொண்டு போகட்டும் என்றான். சனங்களுக்குச் சந்தோஷம். கொந்தராத்துக்காரருக்கு அதைவிடச் சந்தோஷம், சீமெந்தும் கம்பியும் உடனே வந்து இறங்கின. பூசாரி வந்து வெற்றிலை வைத்துக் கேட்டபிறகு பொம்மையை எடுத்தார்கள். வரமாட்டேன் என்று அடம்பிடித்த கம்பு, மேடு பாதி சரிந்து இளகிவிட்டதால், சும்மா கையோடு வந்தது. லோரன்ஸ் பாறையைத் துளைத்துக் கம்பி இறக்கி, தானே கலவை குழைத்து, அசையாதபடி நிறுத்தினான். எங்களையே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று பெண்கள் சொன்னதால் முகத்தை லயத்துப் பக்கம் வைத்தான்.

மறுநாள் பெக்கோ கையை உயர்த்தியபோது அவர்கள் மறுபடியும் முன்னால் வந்து நின்றார்கள். சாமியை எடுத்தது சரி, அது நின்ற மண் அதன் மண்தானே என்றார்கள். பெக்கோக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான், காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றினான், பாறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான், மெஷினைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிரஞ்சலா வாகனத்துக்குள் ஏறி உட்கார்ந்து அழுதாள். கொந்தராத்துக்காரர் போனில், சனங்கள் வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய, இப்போதைக்கு இருக்கட்டும் என்றார்.

சரிவைப் பார்க்க வந்து புது வீடு தருகிறோம் என்று சொல்லிப்போன ஆபீஸ்காரர்கள் அதோடு மறந்துபோனார்கள். பள்ளிக்கூடத்தையும் திறக்க வேண்டும் என்றார்கள். சனங்கள் லயத்துக்கே திரும்பினார்கள். மூன்றாவது காம்பரா காலியாகக் கிடந்தது, அதை அந்தோனியம்மாவுக்குக் கொடுத்தார்கள். இப்போது அதுதான் முதல் காம்பரா. தலைக்கு மேலே மீதிப் பாதி மேடு, வெடிப்போடு.

மழை மறுபடி கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில் லோரன்ஸ் வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு போனான். மாத்தளைக்கு வந்துவிடு அக்கா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். பொம்மையைச் செய்தது நான், நகர்ந்தது மண், மூச்சு விட்டது என்று சொன்னது பொய் என்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பொய்யின்னு நீ இப்ப சொல்ற தம்பி. அன்னைக்கி ஒன் மூஞ்சிய நான் பாத்தேனே."

அவள் வாசலுக்கு வந்தாள். லயத்தில் எல்லோரும் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை அதுதான், அவளும் பழகிவிட்டாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மேலே பாறையைப் பார்த்தாள். அது ஒரு இம்மிகூட மாறாமல் நின்றது. அது திரும்பினால் இறங்கிவிடுவோம், திரும்பாதவரைக்கும் ஒன்றுமில்லை என்றாள்.

"அக்கா, அது இப்ப பாறையில நிக்குது" என்றான் லோரன்ஸ். "நான்தான் கம்பி எறக்கி சீமெந்து போட்டேன். மண்ணு முழுசா எறங்கினாலும் அது திரும்பாது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அந்தோனியம்மா. "இனிமே திரும்பாது. பயமில்ல."

முதல் தூறல் கூரைத் தகரத்தில் விழுந்தது. அவள் தம்பிக்குத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.